ஆனியில் போட்ட சுவிட்ச்

ஆனி 24, செவ்வாய்

விடியலில் சாரல். எட்டு மணிக்கு மேல் நல்ல வெயில். பால் காலை 4 லி. சொசைட்டிக்கு 3, வீட்டுக்கு 1.

நாளைக்கு வேண்டியவை: தேங்காய் 3, எலுமிச்சை 9, பூசணி 1 (நம் கொடியில் இருக்கிறது), கற்பூரம், பச்சரிசி, வெல்லம், மஞ்சள் துணி. முந்திரி பார்த்துப் போடணும், போன தடவை வாங்கியதற்கே கடைக் கடன் தீரவில்லை.

சோலார் வேலை முடிந்தது. கொள்ளுகூட முளைக்காத நம் கல்லாங்காட்டில் இப்போது கண்ணாடி வயல். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பேனலிலும் ஒரு சூரியன். எத்தனை சூரிய நமஸ்காரம் செய்வது என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு.

பாக்கி இரண்டு. மின் ஆய்வாளர் வந்து பார்த்து, பாதுகாப்பு சரி என்று கையெழுத்துப் போடணும். பிறகு மின்வாரியம் லைனோடு சேர்க்கணும். ஜூலை முடிவதற்குள் கரண்ட் ஏறாவிட்டால் நமக்குக் கொடுத்த ஒதுக்கீடு ரத்து. ரத்தானால் என் வீட்டுக்காரர் மறுபடி லாரி ஏறணும். தக்காளி லோடு ஓட்டி ஓட்டித்தான் இடுப்பு போயிற்று. ஆபரேஷன் செய்த டாக்டர், "இனிமே லாரி சீட்ல உக்காந்தா, அப்பறம் நடக்கறதுக்கு நான் கேரண்டி இல்ல" என்று சொன்னது என் காதிலேயே இருக்கிறது.

மின்சாரம் தயாரிக்க லைசென்ஸே வேண்டாம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். மகள் காலேஜிலிருந்து போனில் படித்துச் சொன்னாள். லைசென்ஸ் வேண்டாத இதற்கு வந்த காகிதங்களைக் கோத்து வைத்தால் தலையணை உயரம் வருகிறது.

சிக்கல், ஆடி. அதிகாரிகள் வந்து முடிக்க எப்படியும் ஆடி பிறந்துவிடும். மாமனார் ஒரே பிடி. "ஆடியில புது வெளக்குமாறு கூட வாங்கமாட்டம். கரண்ட் ஸ்டேசன் தொறப்பியாம்மா?"

எனக்கும் மனசு ஒப்பவில்லை. பஞ்சாங்கம் பார்த்தேன். நாளை 9.15க்கு மேல் நல்ல நேரம். வயரிங் கான்ட்ராக்டர் குமரேசனிடம், சும்மா பூஜை மட்டும் போட்டுவிடலாமா என்றேன்.

"சும்மா எதுக்குங்கக்கா? லைன் கரண்ட் இல்லாம இன்வெர்ட்டர் முழிக்காது, ஒரு ஜெனரேட்டர் கொண்டாந்து, ரெண்டு நிமிசம் எல்லாத்தயும் எழுப்பிக் காட்டிட்டு அமத்திடறேன். முகூர்த்தம் ஆனாப்பலயும் இருக்கும், நம்ம வேல சரியான்னு தெரிஞ்சாப்பலயும் இருக்கும்."

நல்ல பையன். நன்றி, தாயே.

ஆனி 25, புதன்

மேகமே இல்லை. பால் 4.

9.25க்கு முகூர்த்தம். ஜெனரேட்டர் சத்தத்தில் மாமனார் சொன்ன மந்திரம் யாருக்கும் கேட்கவில்லை, அம்மனுக்குக் கேட்டிருக்கும். குமரேசன் ஒவ்வொன்றாகப் போட்டான். கடைசியில் பெரிய சுவிட்ச் பெட்டி. அதன் கைப்பிடியை அவரும் மாமனாரும் சேர்ந்து மேலே தூக்கினார்கள். டக். இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு. உள்ளிருந்து ஒரு ரீங்காரம், தேனடை மாதிரி.

"கண்ணு தொறந்துடுச்சுங்கக்கா! பொட்டு வைங்க!"

வைத்தேன். கைப்பிடியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார். இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். பூசணிக்காய் உடைத்தோம்.

சர்க்கரைப் பொங்கல் மிச்சம். ஏரிக்கரையில் நமக்காகப் புது லைன் இழுத்துக்கொண்டிருக்கும் லைன்மேன் மாதையனுக்கும் அவர் ஆட்களுக்கும் தூக்குப் போசியில் கொடுத்தனுப்பினேன். ஒருவர் கம்பத்தின் மேலே இருந்தாராம், இறங்கி வந்து சாப்பிட்டாராம். போசி காலியாகத் திரும்பியது.

மனசு நிறைந்த நாள். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஆனி 31, செவ்வாய்

வெயில். புழுக்கம். இன்ஸ்பெக்டர் வந்தார்.

பெண். நான் மீசை வைத்த ஆளை நினைத்திருந்தேன். என் தங்கை வயதுதான் இருக்கும். கனத்த ஷூ, தலையில் ஹெல்மெட். இளநீர் வெட்டி வைத்திருந்தோம், தொடவில்லை. "என் பாட்டில்ல தண்ணி இருக்கும்மா, தேங்க்ஸ்." கை நீட்டாத ஆள், நல்ல அடையாளம் என்று நினைத்தேன்.

எர்த் குழிகள் பார்த்தார், சரி. தீ வாளி, மணல், சரி. ரப்பர் விரிப்பு, சரி. அபாயப் பலகை தமிழிலும் இருக்கிறது, சரி. குமரேசன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

பெரிய சுவிட்ச் பெட்டி முன் நின்றார். குனிந்தார். கைப்பிடிக்குக் கீழே தலையைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பூஜை போட்டீங்களா?"

"ஆமாங்க மேடம், சாமி கும்புட்டம்" என்றார் மாமனார், பெருமையாக.

"நல்லது. பொட்டு ஏன் கீழ்ப்பக்கம் இருக்கு?"

விரலால் கைப்பிடியைக் காட்டினார்.

"கைப்பிடி இப்போ கீழ இருக்கு, ஆஃப்ல. பொட்டு தரையைப் பார்க்குது. யாராவது சாமிக்கு அடியில பொட்டு வைப்பாங்களா? வைக்கும்போது இது மேல இருந்திருக்கு. ஆன்ல இருந்திருக்கு. என் அனுமதி இல்லாம எப்படி ஆன் ஆச்சு?"

"டெஸ்டிங்குங்க மேடம்" என்றான் குமரேசன். "கையில தூக்கிப் பாத்தம். கரண்ட் இல்லாம. சும்மா, டிரையல்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார். பொட்டு வைத்தது நான். அந்தக் குங்குமத்தை சாட்சியாக வைத்துக்கொண்டு பொய் எப்படி நிற்கும்?

"கரண்ட் இருந்ததுங்க மேடம்" என்றேன். "ஜெனரேட்டர் வச்சு. ரெண்டு நிமிசம். ஆடி வந்துடும்னு முகூர்த்தம் பாத்தது நான்."

மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெளியே முதல் கம்பத்தைக் காட்டினார். அதில் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச் இருக்கிறது; திறந்தால் லைன் அறுந்த மாதிரி, மூடினால் சேர்ந்த மாதிரி. "அன்னிக்கு அந்தக் கம்பத்து சுவிட்ச் திறந்திருந்ததா?"

"தொறந்துதான் மேடம் இருக்கும்" என்றான் குமரேசன்.

"இருக்கும்னா? யார் போய்ப் பார்த்தது?"

யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"அது மூடியிருந்தா, உங்க ரெண்டு நிமிஷக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஏறி, பல மடங்கு வோல்ட்டா லைனுக்குப் போயிருக்கும். அந்தப் பக்கம் ஆள் இருந்தா? லைன் செத்துக் கிடக்குன்னு நம்பித்தான் கம்பி மேல கை வைப்பான்."

கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். நடந்ததை எழுத்தில் கொடுக்கணும். எல்லாச் சோதனையும் மறுபடி. அதற்குப் பிறகுதான் அனுமதி உண்டா இல்லையா என்று சொல்வாராம்.

ஜீப் போனதும் அவர் வெடித்தார். "வாய மூடிட்டு நின்னிருந்தா இந்நேரம் கையெழுத்து ஆயிருக்கும். அரிச்சந்திரன் பொண்டாட்டின்னு நெனப்பு!"

அவர் வயிற்றெரிச்சல் நியாயம்.

சாயங்காலம் லாரி ஓனர் போன். வண்டி சும்மா நிற்கிறதாம், வருகிறாயா என்று. "ஒரு வாரம் பாத்துட்டு சொல்றங்க" என்றார் அவர். இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

சமைத்தேன், சாப்பிட உட்கார முடியவில்லை. ஏரிக்கரை. கம்பத்தின் மேல் ஆள் இருந்தார் என்று நானேதான் எழுதியிருக்கிறேன். நான் பொங்கல் அனுப்பிய ஆட்கள்.

ஆனி 32, புதன்

மேகம். பால் கறக்க அவர் எழவில்லை, நானே கறந்தேன். 3½.

மாதையன் வீட்டுக்குப் போனேன். ஏரிக்கு அந்தப் பக்கம். வாசலில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், ஒன்றையும் விடாமல்.

அவர் வாய் கொப்பளித்துவிட்டு, "அன்னிக்கு நான்தாங்கக்கா மேல இருந்தன்" என்றார்.

படியில் உட்கார்ந்தேன்.

"பயப்படாதீங்க. அந்தச் சுவிட்சு தொறந்துதான் இருந்துச்சு. தொறந்து, என் பூட்டப் போட்டுட்டுத்தான் ஏறனன்."

"வாரியத்துப் பூட்டா?"

"இல்லிங்க. என்து. இவ வாங்கிக் குடுத்தது." உள்ளே கையைக் காட்டினார். "மின்னாடி ஒருதரம், எவனோ கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டரப் போட்டுட்டான். அது திரும்பி லைனுக்கு வந்து, எங்க செட்டு ஆளு ஒருத்தனுக்குக் கை போச்சு. ஆசுபத்திரிக்குப் பாக்கப் போனமா, வர்ற வழியிலயே இவ கடையில எறங்கி பூட்டு வாங்கிட்டா. சாவி என் அர்ணாக்கவுத்துல. நான் எறங்கி வந்து தொறக்கற வரைக்கும் எந்தச் சாமி முகூர்த்தம் பாத்தாலும் கரண்ட் வராது."

உள்ளேயிருந்து அவர் மனைவி: "வேட்டி அவுந்தாலும் அவுரும், அந்தக் கவுறு அவுராது!"

சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

கிளம்பும்போது மாதையன் சொன்னார்: "பொங்கலு நல்லா இருந்துச்சுக்கா. முந்திரிதான் கொஞ்சம் கையப் புடிச்சுட்டீங்க."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "அவனுக்கு எத்தன புள்ளைங்க?" என்றார். மூன்று என்றேன். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

நன்றி. நன்றி. நன்றி. இதற்கு மேல் வார்த்தை தெரியவில்லை.

ஆடி 1, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று, தூசி. மாரண்டஹள்ளியில் பஸ் ஏறி பாலக்கோடு வழியாக தருமபுரி. அவரும் வந்தார், பஸ் குலுக்கலில் பல்லைக் கடித்துக்கொண்டு. கடிதம் நானே எழுதியது. குமரேசன் 'சோதனைக்காக' என்று போடச் சொன்னான். போடவில்லை, 'முகூர்த்தத்துக்காக' என்றே எழுதினேன்.

ஆபீஸ் பெஞ்சில் பக்கத்தில் நல்லம்பள்ளிக்காரர் ஒருவர். ஜவ்வரிசி மில். கிழங்கு கழுவின தண்ணீரிலிருந்து கேஸ் எடுத்து, அதில் இன்ஜின் ஓட்டி, கரண்ட் எடுக்கிறாராம். மடியில் என்னுடையதைப் போல மூன்று மடங்கு பைல்.

"உங்களுக்கென்னங்கம்மா, சூரியன். அது பாட்டுக்கு வருது, போவுது. என்து நாத்தம் புடிச்ச தண்ணி. தண்ணிக்கு மாசுக் கட்டுப்பாடு, கேஸுக்கு ஒரு ஆபீசு, தீப்புடிச்சா அணைக்க ஒரு ஆபீசு, கரண்டுக்கு இந்த ஆபீசு. ஒவ்வொரு சாமிக்கும் தனித்தனி பூசாரி."

"காத்தாடிக் கரண்டுக்கு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அதுக்கு எடம் பாக்கணும், எவ்ளோ தள்ளி நிக்கணும்னு கணக்கு. கரி போட்டு எரிச்சா பாய்லருக்குத் தனி இன்ஸ்பெக்டர், ஊரக் கூட்டிக் கருத்துக் கேக்கணும். பெரிய அணை கட்டுனா டில்லிக்குப் போவணும். அணு உலைன்னா அதுக்குன்னே ஒரு வாரியம், நம்ம ஆளுங்க பெஞ்சுல உக்கார முடியாது."

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தோன்றியது. நிலம், நீர், நெருப்பு, காற்று, எல்லாவற்றையும் கும்பிடுகிறோம். ஏன்? வாழ வைக்கிறது, கோபம் வந்தால் கொல்லவும் செய்கிறது. இந்த ஆபீஸ்களும் அதே இரண்டாவது காரணத்துக்காகத்தான். புகையில்லாத சாமி நமக்கு வாய்த்தது, அதனால் பைல் சின்னது. அதற்கும் நன்றி.

மேடம் கூப்பிட்டார். கடிதத்தை முழுதும் படித்தார். ஒரு வரியில் பேனாவை வைத்தார்.

"'தெய்வச் செயலால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.' இந்த வரியை எடுத்துடுங்கம்மா."

"அது உண்மைதானுங்களே மேடம்?"

"சுவிட்ச் திறந்திருந்ததுன்னு எப்படித் தெரியும்?"

மாதையன் பூட்டைச் சொன்னேன்.

"அப்போ அதை எழுதுங்க. ஒண்ணும் ஆகாததுக்குக் காரணம் பூட்டு."

"அந்தப் பூட்ட வாங்க வச்சது யாருங்க மேடம்?"

அவர் என் காலை மிதித்தார். மேடம் நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"அதை உங்க வீட்டு நோட்ல எழுதிக்குங்க. என் பைலுக்குப் பூட்டு போதும்."

அங்கேயே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். குமரேசனுக்கு எச்சரிக்கை நோட்டீஸ் போகுமாம். கம்பத்து சுவிட்சுக்கு நிரந்தரமாகப் பூட்டும் எச்சரிக்கைப் பலகையும் போடச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்காதீங்க. ஆனா நீங்க சொன்னதாலதான் செவ்வாய்க்கிழமை வர்றேன்."

வெளியே வந்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "டீ குடிக்கிறியா?" குடித்தோம். அவருடைய வடையில் பாதி எனக்கு.

மேடம் சொன்னபடி இங்கே எழுதிக்கொள்கிறேன்: தெய்வச் செயல்.

ஆடி 6, செவ்வாய்

மேகம், அப்பப்போ வெயில். பால் 4. சிவப்புப் பசு காலை நொண்டுகிறது, டாக்டரிடம் சொல்லணும்.

மேடம் வந்தார். மூன்று மணி நேரம். பொட்டைத் துடைக்கச் சொல்லுவார் என்று பயந்தேன். சொல்லவில்லை. "இருக்கட்டும். ஆனா பித்தளை, செம்புத் தொடர்பு இருக்கிற இடத்துல ஈரச் சந்தனம் வைக்காதீங்க." குமரேசன் ஒவ்வொரு கேள்விக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தே பதில் சொன்னான். 'இருக்கும்' என்ற வார்த்தை அவன் வாயில் வரவேயில்லை.

மத்தியானம் கையெழுத்து! அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். நான் மாமனாரிடம். மாமனார் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்குதும்மா" என்றார்.

மின்வாரிய உதவிப் பொறியாளர், ஏ.இ., லைனோடு சேர்க்கப் போனில் நாள் சொன்னார். வெள்ளிக்கிழமை. பதினோரு மணி.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். ஆடி மாதம், அதில் ராகு காலம்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆடி 8, வியாழன்

காற்று ஓயவில்லை. முருங்கைக் கிளை ஒன்று முறிந்தது.

ஏ.இ.யிடம் கேட்டு நேரத்தை மாற்றலாமா? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீயே போய்க் கேளு. போன தடவ நீ பாத்த நேரம் எங்க கொண்டுபோய் விட்டுதுன்னு அவருக்கும் சொல்லு." குத்தலாகத்தான் சொன்னார், ஆனால் சிரித்துக்கொண்டே.

கேட்கவில்லை. பதினோரு மணிக்கு அவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கும். துணை மின்நிலையத்தில் ஆள் வேண்டும், லைன் முழுக்க ஆட்களை இறக்க வேண்டும், போன் போட்டு ஒவ்வொருவரும் 'இறங்கிட்டேன்' என்று சொல்ல வேண்டும். எல்லோரும் தரையில் நிற்கிற நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம்.

இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நாளை விளக்குக்கு எலுமிச்சை பொறுக்கி எடுத்தேன். எடுக்கும்போதே பதில் வந்துவிட்டது.

"மாமா, நாளைக்கு ராகு காலத்துல துர்க்கைக்கு எலுமிச்ச வெளக்கு போடறமில்ல?"

"ஆடி வெள்ளி. போடாம?"

"ராகு காலத்துல வெளக்கு ஏத்தலாம். லைட்டு எரிய வைக்கக் கூடாதா?"

வெற்றிலையை மென்று முடித்தார். துப்பிவிட்டு வந்து சொன்னார்: "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

சரி என்று அர்த்தம்.

ஆடி 9, வெள்ளி

வெயில்! விடிந்ததிலிருந்து வெயில். பால் 4. பத்தரைக்குக் கோயிலில் விளக்கு போட்டுவிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு ஓட்டமாகக் காட்டுக்கு.

எல்லோரும் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினோம். யாரும் சொல்லவில்லை, கால் தானாகக் கழற்றியது. மாமனார் முன்னால், நான், அவர், அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள், குமரேசன்கூட.

ஏ.இ. சார் அலறினார். "யோவ்! செருப்பைப் போடுங்கய்யா! வெறுங்காலோட யார்டுக்குள்ள வர்றீங்க, செத்துப் போவீங்க! பெரியவரே, உங்களைத்தான்!"

"சாமி எடமுங்க..."

"சாமி இடம்தான். இந்தச் சாமிக்குச் செருப்புப் போட்டாத்தான் புடிக்கும்!"

மாமனார் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். செருப்புக் காலோடு கும்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. கூசியது. அம்மா, பொறுத்துக்கொள். ரப்பர்ச் செருப்புதான், தோல் இல்லை.

ஏ.இ. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல்கள். "ஏரிக்கரை, எறங்கிட்டம் சார்." "பஸ் ஸ்டாப் கம்பம், எறங்கிட்டம் சார்." கடைசியில் மாதையன். "எறங்கிட்டன் சார். என் பூட்டயும் எடுத்துட்டன்."

சுவிட்சை இந்தத் தடவை வாரியத்து ஆள் தூக்கினார், கையுறை போட்டு. பொட்டு மேலே வந்தது. மீட்டரில் எண்கள் ஓட ஆரம்பித்தன. பதினொன்று பதினெட்டு. சுத்தமான ராகு காலம்.

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் மீட்டரையே பார்த்தோம். ஒரு மேகம் வந்தது, எண் குறைந்தது. "யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்றார் மாமனார். மேகம் போனது, எண் ஏறியது. "போச்சு" என்றார்.

மாதையனுக்கும் ஆட்களுக்கும் பொங்கல். முந்திரி இரண்டு கை.

மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். மீட்டிங்கில் இருந்தார். "சந்தோஷம்மா. எர்த் குழிக்கு வாரா வாரம் தண்ணி ஊத்துங்க" என்று வைத்துவிட்டார். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாடு கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. லாரி ஓனர். ஒரு வாரம் கழித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தாரே.

அவர் வரப்பில் நின்று பேசினார். எனக்குக் கேட்ட வரைக்கும்:

"இல்லிங்கண்ணா... வேற ஆளப் பாத்துக்குங்க... இடுப்புக்காக இல்லிங்க. இங்க எனக்கு வேல இருக்குது."